கையும் கணக்கும்: சுகாதார அறிவியல் மாணவர்களின் செய்முறைப் பயிற்சியும் ஆராய்ச்சியும்

பாடத்துக்குள் போவதற்கு முன் ஒரு கேள்வி.

கோயில் மண்டபத்தில் இலவச இரத்தப் பரிசோதனை முகாம் நடக்கிறது. ஓர் அம்மா சர்க்கரைப் பொங்கல் பிரசாதம் வாங்கிக் கையாலேயே சாப்பிட்டுவிட்டு, விரலைத் துண்டில் துடைத்துக்கொண்டு வந்து உட்காருகிறார். தொண்டர் விரல் நுனியைக் குத்தி ஒரு துளி இரத்தம் எடுக்கிறார். மீட்டர் 15.8 என்று காட்டுகிறது. அந்த அம்மாவுக்கு இனிப்புநீர் வியாதி இருக்கிறதா, இல்லையா?

சரியான பதில்: இந்த எண்ணை வைத்துச் சொல்ல முடியாது. விரலில் ஒட்டியிருக்கும் சர்க்கரை இரத்தத் துளியோடு கலந்தால், மீட்டர் அதையும் சேர்த்துத்தான் அளக்கும். மீட்டருக்கு எது உடம்புச் சர்க்கரை, எது பொங்கல் சர்க்கரை என்று தெரியாது. சோப்பு போட்டுக் கை கழுவி, நன்றாகத் துடைத்து, மறுபடியும் எடுக்கணும். அப்போதும் சாப்பிட்டு எவ்வளவு நேரம் ஆச்சு என்று கேட்டு எழுதணும். எண் கூடுதலாகவே வந்தாலும் அது முடிவு அல்ல; கிளினிக்குக்குப் போய் முறையாகப் பரிசோதிக்கச் சொல்லும் எச்சரிக்கை மட்டுமே.

இதில் இரண்டு விஷயம் இருக்கு. அந்த அம்மாவைக் கை கழுவச் சொல்வது செய்முறைப் பயிற்சி. அன்றைக்கு வந்த 200 பேரில் யாருமே கை கழுவவில்லை என்றால், அந்த 200 எண்களை வைத்து எழுதும் அறிக்கை எதற்கும் உதவாது என்று தெரிந்துகொள்வது ஆராய்ச்சி. பல்கலைக்கழகத்தில் இவை இரண்டும் தனித்தனிப் பாடங்கள், தனித்தனி மதிப்பெண்கள். ஆனால் உண்மையில் இரண்டும் ஒரே வேலைதான். இதுதான் இந்த மாதப் பாடம்.

நான் சுகாதார அறிவியல் மாணவன் இல்லை, இஞ்சினியரிங் மாணவன். எங்கள் துறையில் முதல் வருடத்திலேயே ஒன்றைச் சொல்லிக் கொடுத்துவிடுவார்கள்: அளவு எப்படி எடுக்கப்பட்டது என்று தெரியாமல் எந்த எண்ணையும் நம்பாதே. இந்தப் பழக்கத்தோடு, பிசியோதெரபி படிக்கும் நண்பர்கள் செய்த ஓர் ஆய்வுக்குக் கருவிப் பக்கத்தில் உதவினேன். அப்போது பார்த்தது, கேட்டது, பிறகு தேடிப் படித்தது எல்லாவற்றையும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

1. யார் இந்த மாணவர்கள்?

சுகாதார அறிவியல் என்றதும் நம் வீடுகளில் டாக்டர், நர்ஸ் இரண்டு பேரைத்தான் நினைப்பார்கள். பிசியோதெரபி, ஆக்குபேஷனல் தெரபி, உணவியல், மருத்துவப் படமெடுப்பு, செவித்திறன் துறை, பேச்சுப் பயிற்சி, கண் பரிசோதனைத் துறை, மருத்துவ ஆய்வுக்கூடத் துறை, சுற்றுச்சூழல் சுகாதாரம் என்று பட்டியல் நீளும். மலேசியாவில் 2016ஆம் ஆண்டின் துணைச் சுகாதாரத் தொழில்கள் சட்டம் இப்படிப்பட்ட 23 தொழில்களைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது.

இந்தப் படிப்புகள் எல்லாவற்றிலும் பயிற்சி பொதுவாக மூன்று படியாக வரும். முதலில் பல்கலைக்கழகத்தின் ஸ்கில்ஸ் லேப்: பொம்மை மேலும், சக மாணவர்கள் மேலும் பழகுவது. அடுத்து ஆஸ்பத்திரியிலோ அரசாங்கக் கிளினிக்கிலோ கூட நின்று பார்ப்பது. மூன்றாவது, மேற்பார்வையாளர் பக்கத்தில் நிற்க, நோயாளியிடம் தானே செய்வது. இதைத்தான் 'போஸ்டிங்' என்கிறோம். செய்த ஒவ்வொன்றையும் லாக் புக்கில் எழுதிக் கையெழுத்து வாங்கணும்.

பல மாணவர்கள் அந்தக் கையெழுத்தை எண்ணிக்கொண்டே போஸ்டிங்கை முடித்துவிடுகிறார்கள். 'இருபது கேஸ் வேணும், பதினெட்டு ஆச்சு, இன்னும் ரெண்டு.' எண்ணிக்கை தேவைதான். ஆனால் அந்தப் பதினெட்டில் என்ன பார்த்தாய் என்ற கேள்வியில்தான் படிப்பே இருக்கு.

2. கை: ஏன் என்று தெரிந்து செய்வது

மூன்று உதாரணம் பார்ப்போம்.

முதலாவது, கை சுத்தம். உலகச் சுகாதார நிறுவனம் ஐந்து தருணங்களைச் சொல்கிறது: நோயாளியைத் தொடும் முன், சுத்தம் தேவைப்படும் சிகிச்சை வேலைக்கு முன், உடல் திரவங்கள் பட வாய்ப்புள்ள வேலைக்குப் பின், நோயாளியைத் தொட்ட பின், நோயாளியைச் சுற்றியுள்ள பொருள்களைத் தொட்ட பின். கடைசியைத்தான் பலர் மறக்கிறார்கள். கட்டில் கம்பியை மட்டும் தொட்டாலும் கணக்குதான். கைத்தேய்ப்புத் திரவம் என்றால் 20 முதல் 30 வினாடி. சோப்பும் தண்ணீரும் என்றால் முழுவதுமாக 40 முதல் 60 வினாடி. கடிகாரத்தைப் பார்த்து ஒருமுறை செய்து பாருங்கள். நாம் வழக்கமாகக் கழுவும் நேரம் எவ்வளவு குறைவு என்று தெரியும்.

இரண்டாவது, இரத்தக் குழாய்களின் வரிசை. ஒரே ஊசியில் பல குழாய்களில் இரத்தம் எடுக்கும்போது நிறத்துக்கு ஒரு வரிசை உண்டு. இளநீல மூடி முன்னால் வரும். ஊதா மூடி கடைசிப் பக்கம் வரும். மாணவர்கள் இதைப் பாட்டு மாதிரி மனப்பாடம் செய்கிறார்கள். ஏன் அந்த வரிசை? ஊதா மூடிக் குழாயில் இரத்தம் உறையாமல் இருக்க ஈ.டி.டி.ஏ. என்ற இரசாயனம் இருக்கும். அது பொட்டாசியம் உப்பாக இருக்கும்; கால்சியத்தையும் பிடித்துக்கொள்ளும். அதை முதலில் நிரப்பி, கொஞ்சம் அடுத்த குழாய்க்குப் போய்விட்டால், ஆய்வுக்கூட அறிக்கையில் பொட்டாசியம் அதிகம், கால்சியம் குறைவு என்று வரும். பொட்டாசியம் அதிகம் என்றால் இதயத் துடிப்புக்கே ஆபத்து என்று டாக்டர் பதறுவார். நோயாளியின் உடம்பில் ஒன்றும் இருக்காது, தவறு குழாயில். காரணம் தெரிந்த மாணவர் அந்த வரிசையை ஆயுளுக்கும் மறக்க மாட்டார்.

மூன்றாவது, இரத்த அழுத்தம். இது சுலபம் என்று எல்லாரும் நினைப்பது. முதலில் ஐந்து நிமிடம் அமைதியாக உட்காரணும். முதுகு சாய்ந்திருக்கணும், கால் மேல் கால் போடக்கூடாது, கை நெஞ்சு உயரத்தில் தாங்கலாக இருக்கணும், அளக்கும்போது பேசக்கூடாது. பட்டை கைக்குச் சின்னதாக இருந்தால் அழுத்தம் உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டும். வரிசையில் பத்து பேர் காத்திருக்கும்போது இந்த ஐந்து நிமிடத்தை விட்டுவிடத் தோன்றும். அங்கேதான் பயிற்சியின் மதிப்பு தெரிகிறது.

3. காதும் வாயும்: வார்டில் தமிழ்

இது நம் பிள்ளைகளுக்கு மட்டுமே வரும் வேலை. வார்டில் தோட்டத்திலிருந்து வந்த ஒரு தாத்தா தமிழில் மட்டும் பேசுகிறார் என்றால், 'நீ தமிழ்தானே, கேட்டுச் சொல்லு' என்று மாணவரைக் கூப்பிடுவார்கள். பெருமையான விஷயம், அதே அளவுக்குப் பொறுப்பும் உண்டு.

'மயக்கமா இருக்கு' என்று தாத்தா சொல்கிறார். இதை எப்படி மாற்றிச் சொல்வீர்கள்? சுற்றியிருப்பது எல்லாம் சுழல்வது போலவா? எழுந்து நின்றால் கண் இருட்டுகிறதா? வெறும் அசதியா? மூன்றுக்கும் டாக்டர் தேடும் காரணம் வேறு வேறு. அதனால் நாமே ஊகிக்காமல், 'தாத்தா, சுத்துற மாதிரி இருக்கா, இல்ல எழுந்து நின்னா கண்ணு இருட்டுதா?' என்று கேட்கணும்.

'நெஞ்சு கரிக்குது' வேறு, 'நெஞ்சை அடைக்குது' வேறு. இரண்டையும் மலாயில் 'சாக்கிட் டாடா' என்று சுருக்கிவிட்டால், ஒருவருக்கு வீண் பயம், இன்னொருவருக்கு ஆபத்தான தாமதம். கால் 'எரியுது' என்பதும் 'மரத்துப் போச்சு' என்பதும் இனிப்புநீர் உள்ளவர் வாயிலிருந்து வந்தால் கவனமாகக் குறித்துக்கொள்ள வேண்டிய சொற்கள். நரம்பு பாதிப்பை அவை காட்டலாம்.

மொழிபெயர்க்க நின்றால் மூன்று விதி. சொன்னதைக் கூட்டாமல் குறைக்காமல் சொல்லுங்கள். புரியாவிட்டால் புரியவில்லை என்று சொல்லுங்கள். கேட்டதை வார்டிலேயே விட்டுவிட்டு வாருங்கள். நம் சமூகம் சின்னது. அந்தத் தாத்தா உங்கள் நண்பனின் சொந்தக்காரராகவே இருக்கலாம். வீட்டில் 'இன்னைக்கு யாரைப் பார்த்தே?' என்று கேட்டாலும் பெயர் வெளியே வரக்கூடாது. வாட்ஸ்அப்பில் படம் போடுவதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

4. கணக்கு: இறுதியாண்டு ஆய்வு

பெரும்பாலான பட்டப்படிப்புகளில் கடைசி வருடம் ஓர் ஆய்வு செய்யணும். நிறைய பேர் கடைசி நிமிடத்தில் ஒரு கேள்வித்தாளைத் தயார் செய்து, நண்பர்கள் குழுவில் அனுப்பி, வந்த பதிலை வரைபடமாக்கி முடிக்கிறார்கள். நல்ல ஆய்வு பெரும்பாலும் போஸ்டிங்கில் எழுந்த ஒரு சந்தேகத்திலிருந்துதான் பிறக்கும்.

நான் உதவிய ஆய்வு முழங்கால் மடங்கும் கோணம் பற்றியது. பிசியோதெரபியில் கோனியோமீட்டர் என்ற கோணமானியால் அதை அளப்பார்கள். ஒரே முழங்காலை இரண்டு மாணவர்கள் அளந்தால் சில டிகிரி வித்தியாசம் வருகிறது. ஒரே மாணவர் இரண்டு முறை அளந்தாலும் வரும். இதில் யாரும் வெட்கப்பட ஒன்றுமில்லை. மனிதக் கையும் கண்ணும் அப்படித்தான். ஆனால் இதைத் தெரிந்துகொள்ளாமல் ஆய்வு செய்தால் என்ன ஆகும்? அளப்பதில் வரும் வித்தியாசமே 5 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். சிகிச்சைக்குப் பிறகு முழங்கால் 4 டிகிரி கூடுதலாக மடங்கியது என்று எழுதினால், அது சிகிச்சையின் பலனா, அளவின் தடுமாற்றமா? சொல்லவே முடியாது. அதனால் முதலில் நம் அளவு எவ்வளவு ஆடுகிறது என்று கண்டுபிடிக்கணும். அதுவே ஒரு முழு ஆய்வாக இருக்கலாம். ஓர் இளங்கலை மாணவரால் செய்து முடிக்கவும் முடியும்.

இன்னொரு உதாரணம். பழைய முறையில், ஸ்டெதஸ்கோப் வைத்து இரத்த அழுத்தம் பார்க்கும்போது எண்ணை 2 புள்ளிக்கு ஒரு கோடாகப் படிப்போம். அதாவது கடைசி இலக்கம் 0, 2, 4, 6, 8 இவற்றில் ஒன்று. ஒழுங்காகப் படித்தால் 50 அளவுகளில் சுமார் 10 மட்டுமே 0இல் முடியணும். ஒரு பதிவேட்டில் 30 அளவுகள் 120, 130, 140 என்று 0இல் முடிந்திருந்தால் என்ன அர்த்தம்? படிப்பவர் அவசரத்தில் உருட்டி எழுதியிருக்கிறார். 138 என்பது 140 ஆகிவிட்டால் ஒருவருக்கு 'அழுத்தம் அதிகம்' என்ற முத்திரை விழலாம். இதைக் கண்டுபிடிக்க விலையுயர்ந்த மென்பொருள் வேண்டாம். ஒரு தாளும் பேனாவும் போதும். ஆனால் போஸ்டிங்கில் தானே அளந்து பார்த்தவருக்குத்தான் இப்படி ஒரு சந்தேகமே வரும்.

மாணவர் என்ன பெரிதாகக் கண்டுபிடித்துவிடப் போகிறார் என்று நினைக்க வேண்டாம். 1869இல் ஜெர்மனியில் பவுல் லாங்கர்ஹான்ஸ் என்ற மருத்துவ மாணவர், கணையத்தில் தீவு தீவாகத் தனிச் செல் கூட்டங்கள் இருப்பதைத் தன் பட்ட ஆய்வேட்டில் விவரித்தார். அவை என்ன வேலை செய்கின்றன என்று அவருக்குத் தெரியவில்லை; பார்த்ததை ஒழுங்காக எழுதி வைத்தார். இன்சுலின் அங்கேதான் சுரக்கிறது என்பது பிற்பாடு தெரியவந்தது. இன்றும் அந்தத் தீவுகளுக்கு அவர் பெயர்தான். இனிப்புநீர் நம் ஒவ்வொரு வீட்டுக்கும் தெரிந்த வியாதி. 2019 தேசியச் சுகாதார ஆய்வின்படி மலேசியாவில் வயது வந்தோரில் 18.3 விழுக்காட்டினருக்கு அது இருந்தது. இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்களிடம்தான் அதிகம்.

5. புழுங்கல் அரிசி சொன்ன பாடம்

கவனித்தல், சோதித்தல், மனிதனை மதித்தல் மூன்றையும் சேர்த்துக் காட்டும் ஒரு கதை நம் நாட்டிலேயே நடந்திருக்கு.

1900களின் தொடக்கத்தில் மலாயாவில் பெரிபெரி என்ற நோய் ஆயிரக்கணக்கானவர்களைக் கொன்றது. கால் வீங்கும், நரம்பு தளரும், இதயம் நின்றுவிடும். ஈயச் சுரங்கங்களில் வேலை செய்த சீனத் தொழிலாளர்களிடையே அது மிக அதிகம். தோட்டங்களில் இருந்த தமிழர்களிடையே மிகக் குறைவு. இதைக் கவனித்தவர்களில் ஒருவர், நெகிரி செம்பிலானில் பணியாற்றிய பிராடன் என்ற அரசாங்க மருத்துவர். சீனர்கள் தீட்டிய வெள்ளை அரிசி சாப்பிட்டார்கள்; தமிழர்கள் புழுங்கல் அரிசி சாப்பிட்டார்கள். வித்தியாசம் அரிசியில் இருக்கலாம் என்று அவர் 1907இல் வெளியிட்ட நூலில் வாதிட்டார்.

கவனித்தது மட்டும் போதாது. வேறு காரணமும் இருக்கலாமே: இடம், வேலை, தண்ணீர்? 1905இல் கோலாலம்பூர் மனநல இல்லத்தில் ஃபிளெட்சர் என்ற மருத்துவர் இதைச் சோதித்தார். அங்கிருந்தவர்களை ஒற்றை எண், இரட்டை எண் என்று இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு வெள்ளை அரிசி, இன்னொன்றுக்குப் புழுங்கல் அரிசி கொடுத்தார். நடுவில் இரண்டு பிரிவினரின் கட்டடங்களையும் மாற்றினார். இடம்தான் காரணம் என்றால் நோயும் கட்டடத்தோடு தங்கிவிட வேண்டும். அப்படி நடக்கவில்லை. வெள்ளை அரிசிப் பிரிவில் பலர் நோயுற்றார்கள், சிலர் இறந்தார்கள். புழுங்கல் அரிசிப் பிரிவு ஏறக்குறைய தப்பியது. அடுத்து, 1900இல் கோலாலம்பூரில் தொடங்கப்பட்ட மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஃபிரேசர், ஸ்டான்டன் இருவரும் சாலை போட வந்த சுமார் 300 ஜாவானியத் தொழிலாளர்களிடம் இதையே சோதித்து உறுதிசெய்தார்கள். நெல்லை அவிக்கும்போது தவிட்டில் உள்ள சத்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. அந்தச் சத்துதான் தையமின் என்ற பி1 வைட்டமின். 1926இல் ஜாவாவில் அதைத் தனியே பிரித்தெடுத்தார்கள்.

ஓர் இஞ்சினியரிங் மாணவனாக, கட்டடத்தை மாற்றியதை நான் இரசிக்கிறேன். சோதனை என்றால் அப்படித்தான் செய்யணும். ஆனால் கதையை இத்தோடு நிறுத்தக்கூடாது. அந்த மனநல இல்லத்தில் இருந்தவர்களிடம் யார் சம்மதம் கேட்டார்கள்? வேண்டாம் என்று சொல்லும் நிலையிலா அவர்கள் இருந்தார்கள்? அவர்களில் சிலர் இறந்தார்கள். அந்த இறப்புகளும் சேர்ந்துதான் நமக்கு இந்த அறிவைக் கொடுத்தன.

பின்னாளில் 1947இல் நியூரம்பர்க் நெறிமுறையும், 1964இல் ஹெல்சின்கி பிரகடனமும் சம்மதம் இல்லாமல் மனிதர்மேல் ஆய்வு இல்லை என்பதை உலகுக்குச் சொல்லின. இன்று மலேசியாவில் சுகாதார அமைச்சின் ஆஸ்பத்திரிகளிலும் கிளினிக்குகளிலும் ஆய்வு செய்யணும் என்றால், தேசிய மருத்துவ ஆராய்ச்சிப் பதிவேட்டில் பதிந்து, நெறிமுறைக் குழுவின் அனுமதி பெறணும். மாணவர்கள் இதை 'ஃபாரம் தொல்லை' என்று சொல்வதைக் கேட்டிருக்கிறேன். அந்த ஃபாரத்தின் ஒவ்வொரு கேள்விக்குப் பின்னாலும், யாரும் கேட்காமல் விட்ட ஒரு மனிதர் இருக்கிறார்.

6. எங்கிருந்து தொடங்குவது?

படிவம் ஐந்து, எஸ்.டி.பி.எம். முடித்த தம்பி தங்கைகளுக்கு: விண்ணப்பிக்கும் முன் அந்தத் துறையில் வேலை செய்யும் ஒருவரிடம் பேசுங்கள். நாள் முழுக்க நிற்கணுமா, இரவு வேலை உண்டா, நோயாளியைத் தூக்கணுமா என்று கேளுங்கள். தேர்ந்தெடுக்கும் படிப்புக்கு முறையான அங்கீகாரம் உண்டா என்பதையும் பாருங்கள்.

முதல், இரண்டாம் ஆண்டு மாணவர்களுக்கு: லாக் புக்கைத் தவிர சொந்தமாக ஒரு சின்ன நோட்டு வையுங்கள். தினம் ஒரு 'ஏன்?' எழுதுங்கள். நோயாளியின் பெயர், அடையாள அட்டை எண், கட்டில் எண் எதுவும் அதில் வரக்கூடாது; கேள்வி மட்டும்.

இறுதியாண்டு மாணவர்களுக்கு: அந்த நோட்டைத் திறந்து, திரும்பத் திரும்ப வந்த கேள்வியை எடுங்கள். அதைச் சின்னதாக வெட்டுங்கள். 'முதியோர் ஏன் விழுகிறார்கள்?' என்பது ஓர் ஆயுள் வேலை. 'இந்தக் கிளினிக்குக்கு வரும் முதியோர் நாற்காலியிலிருந்து எழ எவ்வளவு நேரம் எடுக்கிறார்கள்?' என்பதை ஒரு செமஸ்டரில் முடிக்கலாம். நெறிமுறை அனுமதிக்கு வாரங்கள், சில சமயம் மாதங்கள் ஆகும். அதனால் அந்த விண்ணப்பத்தை முதலில் அனுப்புங்கள். தமிழ் மட்டும் தெரிந்தவர்களைச் சேர்ப்பதாக இருந்தால் விளக்கத் தாளைத் தமிழிலும் தயார் செய்யுங்கள். படிக்கத் தெரியாதவருக்கு, ஆய்வோடு சம்பந்தமில்லாத ஒரு சாட்சி முன்னிலையில் வாசித்துக் காட்டணும். 'இதில் சேரலன்னாலும் உங்க வைத்தியம் மாறாது' என்ற வரியை வாயாலும் சொல்லுங்கள். டாக்டர் கோட் போட்ட பிள்ளை கேட்கும்போது மறுக்கத் தெரியாத பாட்டிகள் நிறைய பேர்.

என்னைப் போன்ற மற்றத் துறை மாணவர்களுக்கு: கருவி, கணக்கு, புரோகிராமிங் தெரிந்தால் இவர்களோடு சேருங்கள். ஆனால் முதலில் ஒரு நாள் அவர்கள் வேலை செய்வதை, அனுமதியோடு, பக்கத்தில் நின்று பாருங்கள். மேசையில் உட்கார்ந்து வடிவமைத்த கருவி, வலியில் இருப்பவர் கையில் வேறு மாதிரி இருக்கும்.

7. கலந்துரையாடலும் பயிற்சியும்

உங்கள் கிளை வாராந்திரச் சந்திப்பில் இவற்றைப் பேசுங்கள்.

அ. இரண்டு பேர் தனித்தனியாக, ஒருவர் எண்ணை இன்னொருவர் பார்க்காமல், ஒரே நண்பரின் நாடித் துடிப்பை ஒரு நிமிடம் எண்ணி எழுதுங்கள். எண்கள் ஒத்துப்போகிறதா? ஒத்துப்போகாவிட்டால் எதை நம்புவீர்கள்?

ஆ. அடுத்த இரத்தப் பரிசோதனை முகாமுக்கு மேசையின் வரிசையைத் தாளில் வரையுங்கள். கை கழுவும் இடம் எங்கே? ஐந்து நிமிடம் உட்காரும் நாற்காலிகள் எத்தனை? பிரசாத வரிசை முன்னாலா, பின்னாலா? எண்ணை மற்றவர் காதில் விழாமல் எப்படிச் சொல்வீர்கள்?

இ. ஒரு முகாமில் வந்தவர்களின் எண்களை வைத்து 'இந்த வட்டாரத் தமிழர்களில் இத்தனை பேருக்கு இனிப்புநீர்' என்று எழுதலாமா? முகாமுக்கு வராதவர்கள் யார், ஏன் வரவில்லை?

ஈ. 1905 சோதனையில் கிடைத்த அறிவை நாம் இன்று பயன்படுத்துகிறோம். சம்மதம் இல்லாமல் அதில் இருந்தவர்களுக்கு நாம் என்ன கடமைப்பட்டிருக்கிறோம்?

கடைசிக் கேள்விக்கு அவசரமாகப் பதில் சொல்ல வேண்டாம். போஸ்டிங்குக்குப் போகும் நண்பர் உங்கள் கிளையில் இருந்தால், அவரை முதலில் பேச விடுங்கள்.